டக் டக் என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழுதான ஹார்ட் டிஸ்க் இப்போது உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருந்தால், மேற்கொண்டு படிக்கும் முன் அதை அணைத்துவிடுங்கள். ஒழுங்காக ஷட் டவுன் ஆகிறதா என்று அரை நிமிடம் பாருங்கள். ஆகவில்லை என்றால் மின் இணைப்பைத் துண்டித்துவிடலாம். அணைந்து கிடக்கும் டிஸ்க் அப்படியே கிடக்கும். ஓடுகிற டிஸ்க்தான் நிமிடத்துக்கு நிமிடம் மோசமாகும்.

இந்த அவசரத்துக்குக் காரணம் டிஸ்க்கின் உள் அமைப்பு. உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. 7200 சுற்று வேகத்தில் ஒரு 3.5 அங்குல டிஸ்க்கின் தட்டு ஓரம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்தத் தட்டின் மேல் தரவைப் படிக்கும் ஹெட் மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வெறும் சில நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால், தட்டும் ஹெட்டும் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்பது புரியும். அந்த ஹெட் கொஞ்சம் வளைந்தாலோ, தட்டில் ஒரு துகள் ஒட்டினாலோ உரசல் தொடங்கும். உரசினால் காந்தப் பூச்சு பொடியாக உதிரும், அந்தப் பொடி அடுத்த ஹெட்டைக் கெடுக்கும். பூச்சோடு போன தரவை எந்த மென்பொருளாலும் எந்த ஆய்வகத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் என் அக்காவின் போர்ட்டபிள் டிஸ்க் மேசையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. அவளுடைய மூத்த பையன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. கணினியில் செருகினேன், டிரைவ் தெரிந்தது. நிம்மதியாக போல்டர்களை இழுத்துப் போட்டு காப்பி செய்யத் தொடங்கினேன். மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நின்றுபோனது. பிடுங்கினேன், செருகினேன், மறுபடி பிடுங்கினேன். விண்டோஸ் 'இந்த டிரைவில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா?' என்று கேட்டது, சரி என்று அழுத்தினேன். அன்று இரவு டக் டக் சத்தம் ஆரம்பித்தது. பிறகு ஒரு மீட்பு ஆய்வகத்தில் திறந்து பார்த்தபோது தட்டைச் சுற்றி வட்டமாக ஒரு கீறல். குழந்தையின் முதல் இரண்டு வருடப் படங்கள் போனது போனதுதான். 'விழுந்த அன்றைக்கே கொண்டு வந்திருந்தால் அநேகமாக எல்லாம் கிடைத்திருக்கும்' என்றார் அங்கிருந்தவர். அவள் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செய்யவே கூடாதவை

விண்டோஸின் செக்டிஸ்க், லினக்ஸின் எஃப்எஸ்சிகே போன்ற 'பழுது நீக்கும்' கருவிகளைப் பழுதான டிஸ்க்கின் மேல் ஓட்டாதீர்கள். அவை கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்தத்தான் எழுதப்பட்டவை; உங்கள் கோப்புகளைக் காப்பாற்ற அல்ல. படிக்க முடியாத போல்டர் பட்டியலைக் கண்டால் அதை வெட்டிவிட்டு மேலே போகும். டிஸ்க் நன்றாக இருந்தால் பரவாயில்லை. ஹெட் தடுமாறும் நேரத்தில் இது நல்ல கோப்புகளையும் அனாதையாக்கிவிடும். கூடவே பழுதான தட்டில் எழுதவும் செய்யும். 'ஃபார்மட் செய்யவா', 'இனிஷியலைஸ் செய்யவா' என்று எது கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். வைரஸ் ஸ்கேன், டிஃப்ராக், ஸ்மார்ட் முறையின் (டிஸ்க் தன் ஆரோக்கியத்தைத் தானே கணக்கு வைக்கும் வசதி) நீண்ட சுயபரிசோதனை ஆகியவையும் வேண்டாம். எல்லாமே தட்டு முழுவதையும் படிக்கவைக்கும். ஆனால் படித்த எதையும் உங்களுக்குச் சேமித்துத் தராது.

டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கும் வித்தையைப் பற்றி யாராவது கட்டாயம் சொல்வார்கள். பழைய காலத்து டிஸ்க்குகள் சிலவற்றில் உலோகம் சுருங்கியதால் அது எப்போதாவது வேலை செய்திருக்கலாம். இன்றைய டிஸ்க்கில் அது கொலை. குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. அதனால் ஈரம் தட்டின் மேலும் பனிக்கும். நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஹெட்டுக்கு ஒரு நீர்த்துளி என்பது மலை.

தட்டிப் பார்ப்பது, குலுக்குவது, மூடியைத் திறப்பது மூன்றும் கூடாது. திறந்த டிஸ்க் ஓடுவதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அது சில நிமிடம் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் வீட்டுத் தூசி தட்டில் இறங்கிவிடும். சில மாடல்களில் மேல் மூடியின் திருகுதான் சுழலும் அச்சைத் தாங்கிப் பிடிக்கிறது. அதைக் கழற்றினால் தட்டு தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். 2013 முதல் சந்தைக்கு வந்த ஹீலியம் டிஸ்க்குகளோ முழுக்க சீல் செய்யப்பட்டவை. அவற்றைத் திறந்த நொடியே வாயு வெளியேறிவிடும்.

சத்தத்தைக் கேட்டு முடிவெடுப்பது

கேட்பதற்காக டிஸ்க்கை ஒரே ஒரு முறை இயக்கலாம். மேசையில் ஒரு துணியை விரித்து டிஸ்க்கைச் சமமாக வையுங்கள். இரண்டு விரல்களை அதன் மேல் லேசாக வைத்தபடி மின் இணைப்பு கொடுங்கள். ஆரோக்கியமான டிஸ்க் என்றால் முதலில் விரலில் மெல்லிய அதிர்வு ஏறும். சில வினாடிகளில் அது ஒரே சீரான ரீங்காரமாக மாறும். பிறகு ஹெட் தட்டுக்கு வரும்போது 'சிக்' என்று சின்னதாக ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து கிர்ர் என்று படிக்கும் ஓசை. பத்துப் பதினைந்து வினாடிகள் போதும். கேட்டதும் அணைத்துவிடுங்கள்.

ஓட்டம் சீராக இருக்கிறது, டிரைவும் தெரிகிறது, ஆனால் போல்டர் திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறது, காப்பி செய்யும்போது தொங்குகிறது என்றால் அது சேதமான செக்டர்களோ (தரவு எழுதப்படும் சிறு துண்டுகள்) பலவீனமான ஹெட்டோதான். வீட்டில் நீங்களே முயன்று பார்க்கத் தகுந்தது இந்த ஒரு வகை மட்டும்தான்.

டக்… டக்… டக் என்று ஒழுங்கான இடைவெளியில் அடித்துவிட்டுக் கடைசியில் சுழற்சி நின்றுபோனால், ஹெட்டால் தட்டில் உள்ள வழிகாட்டிக் குறிகளைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். இடம் தெரியாமல் ஹெட்டின் கை ஓரம் வரை போய் முட்டிவிட்டுத் திரும்புகிறது, அந்தச் சத்தம்தான் அது. ஒரு விதிவிலக்கு உண்டு: மின்சாரம் போதாத யூஎஸ்பி போர்ட்டிலும் கெட்டுப்போன கேபிளிலும் இதே போன்ற சத்தம் வரலாம். அதனால் வேறு கேபிள், வேறு போர்ட் கொடுத்து ஒரு தடவை மட்டும் பாருங்கள். மறுபடி டக் டக் என்றால் வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது. ஆய்வகம்தான்.

மெல்லிய பீப் அல்லது முனகல் கேட்கிறது, விரலில் சுழற்சியே தெரியவில்லை என்றால் மோட்டார் திரும்ப முயன்று தோற்கிறது. ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது அச்சு இறுகியிருக்கும். இதுவும் ஆய்வகத்துக்குத்தான். திரும்பத் திரும்ப இயக்கினால் ஒட்டிய ஹெட் பிய்ந்து வந்துவிடும்.

உரசல், கீறல், மணலை அரைப்பது போன்ற சத்தம் வந்தால் அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்துங்கள்.

சத்தமே இல்லை, அதிர்வும் இல்லை என்றால் பயப்படும் அளவுக்கு மோசமாக இல்லாமல் இருக்கலாம். அடாப்டரோ கேபிளோ டிஸ்க்கின் அடியிலுள்ள சர்க்யூட் போர்டோ போயிருக்கலாம். தவறான அடாப்டரைச் செருகி மின் அழுத்தம் கூடியதால் போர்டின் பாதுகாப்பு டையோடு கருகிப்போன டிஸ்க்குகள் பல உண்டு. அவற்றில் தட்டும் ஹெட்டும் பத்திரமாகவே இருக்கும். ஆனால் அதே மாடல் போர்டு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றின் ஹெட்டுக்கும் தட்டுக்கும் ஏற்ற அளவுகள் தொழிற்சாலையிலேயே பதிவாகி, போர்டில் உள்ள ஒரு சிறு ரோம் (ROM) சிப்பில் இருக்கும். படிக்க மட்டுமேயான அந்த நினைவக சிப்பையோ அதன் தகவலையோ புதிய போர்டுக்கு மாற்றாமல் டிஸ்க் எழுந்திருக்காது. சால்டரிங்கில் கை தேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

சத்தத்தோடு சேர்த்து இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கோப்புகள் போனால் தாங்குவீர்களா? இறந்துபோனவரின் குரல், ஆறு வருட ஆராய்ச்சி, ஒரே பிரதியாக இருக்கும் கணக்கு வழக்கு என்றால் டிஸ்க் ஓடுகிற நிலையில் இருந்தாலும் நேராக ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். கீழே சொல்லும் முறை நல்ல முறைதான். ஆனாலும் அது ஓடும் டிஸ்க்கின் மேல் செய்யப்படுவது. ஆபத்து இல்லாத முறை என்று அதைச் சொல்ல மாட்டேன்.

தயாரிப்பு: எல்லாம் கையில் வந்த பிறகே டிஸ்க்கைத் தொடுங்கள்

அடிப்படை இதுதான். பழுதான டிஸ்க்கிலிருந்து கோப்புகளை நேரடியாக எடுக்கப் போவதில்லை. டிஸ்க் முழுவதையும், முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை, அப்படியே இன்னொரு நல்ல டிஸ்க்கில் இமேஜாக எடுத்துவிட்டு, பழுதானதை அணைத்து வைக்கப் போகிறோம். கோப்புகளைத் தேடும் வேலை முழுவதும் அந்த இமேஜில்தான் நடக்கும். போல்டரை இழுத்துப் போட்டு காப்பி செய்யும்போது ஹெட் கோப்புப் பட்டியலுக்கும் கோப்புக்கும் மாறி மாறி ஓடுகிறது. ஒரு செக்டர் படிக்காவிட்டால் அங்கேயே நின்று முட்டி மோதுகிறது. இமேஜ் எடுக்கும் கருவி அப்படிச் செய்யாது. நேர்கோட்டில் படித்துக்கொண்டே போகும், அடைத்த இடத்தைத் தாண்டிவிட்டுப் பிறகு வந்து பார்த்துக்கொள்ளும்.

தேவையானவை: வேறொரு கணினி, பழுதான டிஸ்க்கைவிடப் பெரிய காலி டிஸ்க், நிறுவாமலே கணினியை லினக்ஸில் எழுப்பும் லைவ் பென் டிரைவ். உபுண்டு போதும், சிஸ்டம்ரெஸ்க்யூ இந்த வேலைக்கு இன்னும் வசதி. இமேஜை வைக்கப்போகும் டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் இருக்கக்கூடாது; அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக வைக்க முடியாது. எக்ஸ்ட்4 அல்லது என்டிஎஃப்எஸ் நல்லது.

முடிந்தால் பழுதான டிஸ்க்கை மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேரடியாக இணையுங்கள். யூஎஸ்பி அடாப்டர்கள் பிழை வரும்போது தடுமாறி, இணைப்பையே விட்டுவிடும். ஆனால் கவனம்: சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யூஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், சாட்டா முனையே இருக்காது. வேறு சிலவற்றில் பெட்டிக்குள் இருக்கும் யூஎஸ்பி போர்டு தரவை மறையாக்கம் செய்துதான் தட்டில் எழுதும். நீங்கள் கடவுச்சொல் வைத்திருக்காவிட்டாலும் கூட. அப்படிப்பட்ட டிஸ்க்கை வெளியே எடுத்து இணைத்தால் குப்பை எழுத்துகள்தான் வரும். அந்த யூஎஸ்பி போர்டைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு சின்ன மின்விசிறி டிஸ்க்கை நோக்கி இருக்கட்டும். மணிக்கணக்கில் ஓடும்போது சூடு ஏறும், சூடேறினால் பலவீனமான ஹெட் இன்னும் பலவீனமாகும். டிஸ்க்கைச் சமதளத்தில் வையுங்கள். வேலை முடியும் வரை கையால் தொடக்கூடாது. லினக்ஸில் டிஸ்க் தானாக மவுன்ட் ஆகும் (கோப்புகளைக் காட்டும்படி திறந்துகொள்ளும்) வசதியை நிறுத்திவிட்டு, கணினியில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் சொந்த டிஸ்க்குகளின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் காலியான டிஸ்க் பழுதான டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

எது எந்த டிஸ்க்?

பழுதான டிஸ்க்கை இணைத்துக் கணினியை லினக்ஸில் எழுப்புங்கள். டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையைக் கொடுத்தால் எஸ்டிஏ, எஸ்டிபி என்று டிஸ்க்குகள் பட்டியலாக வரும். அளவை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மாடலும் வரிசை எண்ணும் காட்டச் சொல்லி, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிடுங்கள். நான் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைத் தாளில் எழுதி, பக்கத்தில் 'மூலம்', 'இலக்கு' என்று குறித்து, திரைக்குக் கீழே ஒட்டிவைப்பேன். கணினியை மறுபடி எழுப்பும்போது எஸ்டிபி எஸ்டிசியாக மாறிவிடலாம். அதனால் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும்.

பிறகு ஸ்மார்ட் தகவலை ஒரே ஒரு முறை படியுங்கள். லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல், விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. இது தட்டை ஸ்கேன் செய்யாது, டிஸ்க் வைத்திருக்கும் கணக்கைத்தான் காட்டும். 5ஆம் எண் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 திருத்தவே முடியாதவை. இவற்றின் மூல மதிப்பு (ரா வேல்யூ) சில பத்துகள் என்றால் நம்பிக்கையோடு தொடங்கலாம். ஆயிரக்கணக்கில் என்றால் நேரம் குறைவு. 199 மட்டும் ஏறியிருந்து மற்றவை பூஜ்ஜியமாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அது இணைப்புப் பிழையின் கணக்கு. எல்லாமே நன்றாக இருப்பதாக ஸ்மார்ட் சொன்னாலும் டிஸ்க் மோசமாக நடந்துகொண்டால், டிஸ்க்கின் நடத்தையையே நம்புங்கள்.

இமேஜ் எடுப்பது

இந்த வேலைக்கு நான் நம்புவது குனு டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004 முதல் எழுதிப் பராமரித்துவரும் இலவச மென்பொருள். டெபியன், உபுண்டு தொகுப்பில் இதன் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. நிறுவிய பிறகு கட்டளையின் பெயர் டிடிரெஸ்க்யூதான். டிடி, அடிக்கோடு, ரெஸ்க்யூ என்று கிட்டத்தட்ட இதே பெயரில் வேறொரு கருவி உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கட்டளையின் வடிவம் இது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்:

டிடிரெஸ்க்யூ -டி -என் மூலடிஸ்க் இமேஜ்கோப்பு மேப்கோப்பு (தொடக்கம்: ddrescue -d -n)

'-டி' என்பது இயங்குதளத்தின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) தாண்டி டிஸ்க்கை நேரடியாகப் படிக்கச் சொல்கிறது. '-என்' என்பது மோசமான இடங்களைச் சுரண்டும் கட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்கிறது. மூன்றாவதாக வரும் மேப் கோப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்த செக்டர் வந்தது, எது வரவில்லை, எதை இன்னும் தொடவே இல்லை என்ற கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது. அது இருந்தால் நடுவில் எத்தனை முறை நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தட்டு முழுவதையும் படிக்க வேண்டும். மேப் கோப்பை இமேஜ் இருக்கும் டிஸ்க்கிலேயே வையுங்கள். லைவ் பென் டிரைவின் தற்காலிக நினைவகத்தில் வைத்தால் கணினி அணைந்ததும் காணாமல் போய்விடும்.

ஓடத் தொடங்கியதும் திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். நான் கண் வைப்பது மூன்று இடத்தில்: மீட்கப்பட்ட அளவு, தற்போதைய வேகம், கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரம் ஆனது. நல்ல இடத்தில் வேகம் வினாடிக்கு 80, 100 எம்பி என்று ஓடும். திடீரென்று 30 ஆகும், 2 ஆகும், பூஜ்ஜியமாகும். கடைசி எண் 5 வினாடி, 12 வினாடி, 25 வினாடி என்று ஏறும். அப்போது காதை டிஸ்க் பக்கம் திருப்பினால் ஹெட் அதே இடத்தை மறுபடி மறுபடி தேடும் ஓசை கேட்கும். பிறகு டிடிரெஸ்க்யூ ஒரு பெரிய துண்டைத் தாண்டிக் குதிக்கும், வேகம் மறுபடி 90. அந்த நேரத்தில் எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். உட்கார்ந்திருங்கள்.

நேரக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 500 ஜிபி டிஸ்க், வினாடிக்கு 100 எம்பி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே டிஸ்க் வினாடிக்கு 1 எம்பி என்று இழுத்தால் ஆறு நாள். மெதுவாகிறது என்பதற்காக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் முழுக்க முழுக்க மெதுவாக இருந்தால், கட்டளையில் பெரிய எழுத்து 'ஆர்' சேர்த்துக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கவைத்துப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் சேதமான டிஸ்க்குகளில் இது நல்ல பலன் தரும்.

நடுவில் டிஸ்க் தொடர்பையே இழந்துவிடலாம். வேகம் பூஜ்ஜியம், பிழை எண்ணிக்கை மட்டும் கடகடவென்று ஏறுகிறது என்றால் அது தட்டின் பிழை அல்ல, டிஸ்க் மயங்கிவிட்டது. கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்துங்கள். டிஸ்க்கின் மின்சாரத்தை எடுத்துவிட்டு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மறுபடி இணைத்து, வரிசை எண்ணைச் சரிபார்த்து, அதே கட்டளையை அதே மேப் கோப்போடு கொடுங்கள். தொடர்பு போன நேரத்தில் நல்ல பகுதிகளும் தவறாகப் பிழைக் கணக்கில் விழுந்திருந்தால், பெரிய எழுத்து 'ஏ' தேர்வு அவற்றில் இன்னும் முடிவாகாத பகுதிகளைத் தொடாதவை என்று மாற்றி, புதிதாக முயலும்.

முதல் சுற்று முடிந்ததும் மேப் கோப்பை டிடிரெஸ்க்யூவியூ என்ற சிறு நிரலில் திறந்து பாருங்கள். டிஸ்க் முழுவதும் ஒரு வண்ணக் கட்டமாகத் தெரியும். பச்சை வந்தது, சிவப்பு வராதது. ஓரிரு இடத்தில் மட்டும் சிவப்பு குவிந்திருந்தால் அந்த இடத்தில் தட்டு சேதம். அதுவே டிஸ்க்கின் முதலிலிருந்து கடைசி வரை வரிக்குதிரை போலச் சீரான இடைவெளியில் பட்டைகள் வந்தால் கதையே வேறு. தரவு ஒவ்வொரு தட்டுப் பரப்பிலும் மாறி மாறித்தான் எழுதப்படுகிறது; நான்கு ஹெட்டில் ஒன்று இறந்துவிட்டால் அதன் முறை வரும்போதெல்லாம் ஒரு பட்டை காலியாகும். இதை மென்பொருளால் நிரப்ப முடியாது. அந்தப் பட்டைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மற்ற ஹெட்டுகளையும் இழப்பீர்கள். பச்சையாக வந்ததைப் பத்திரப்படுத்திவிட்டு டிஸ்க்கை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய இடம் இது.

சிவப்பு கொஞ்சமாக, சிதறலாக இருந்தால் இரண்டாவது சுற்று போகலாம். '-என்'ஐ எடுத்துவிட்டு, சின்ன 'ஆர்' எழுத்தோடு 1 சேர்த்து ஒரே ஒரு மறுமுயற்சி கொடுங்கள். ஒன்றில் கிடைக்காதது மூன்றில் கிடைப்பது உண்டு. முப்பதில் கிடைப்பது அரிது. அதற்குள் டிஸ்க் போய்விடும். 99.9 சதவீதம் வந்துவிட்டது என்று திரை சொல்லும்போது நிறுத்த மனம் வராது. 1 டிபியில் மீதி 0.1 சதவீதம் என்பது 1 ஜிபி. ஆனால் அதில் பெரும்பகுதி உங்கள் கோப்பே இல்லாத காலி இடமாக இருக்கலாம். முதலில் வந்ததைத் திறந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். டிஸ்க்கை அணைத்துக் கழற்றி, லேபிள் ஒட்டி எடுத்து வைத்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

இமேஜிலிருந்து கோப்புகளை எடுப்பது

இடம் இருந்தால் முதலில் இமேஜை இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு, மூல இமேஜை எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். இனி எந்தத் தவறு செய்தாலும் பிரதியில்தான். இந்த இடத்தில் வேலை மிகவும் எளிதாகிவிடுகிறது, மனமும் லேசாகும்.

லினக்ஸில் லாஸெட்அப் மூலம் இமேஜைப் படிக்க மட்டுமேயான லூப் சாதனமாக (கோப்பையே டிஸ்க் போலக் காட்டும் வழி) இணைத்து மவுன்ட் செய்யுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் போல்டர்கள் அப்படியே தெரியும், காப்பி செய்தால் வேலை முடிந்தது. விண்டோஸில் ஓஎஸ்எஃப்மவுன்ட் இதே வேலையைச் செய்யும். விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் போட்ட டிஸ்க் என்றாலும் இமேஜ் எடுப்பதில் வித்தியாசம் இல்லை. இமேஜை இணைத்த பிறகு மீட்புச் சாவியைக் கொடுத்துத் திறக்க வேண்டும். சாவி இல்லாவிட்டால் எந்த ஆய்வகமும் உதவ முடியாது.

மவுன்ட் ஆகவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க். காணாமல் போன பார்ட்டிஷனைத் தேடிக் கண்டுபிடித்து, கோப்புகளைப் பட்டியலிட்டு வெளியே எடுத்துத் தரும். டெஸ்ட்டிஸ்க்கை எழுதிய கிறிஸ்டோஃப் கிரெனியேவின் இன்னொரு நிரலான ஃபோட்டோரெக் கடைசி வழி. அது கோப்பு முறைமையைப் பார்க்கவே பார்க்காது. ஒரு ஜேபெக் படம் எந்த எழுத்துகளில் தொடங்கும், ஒரு பிடிஎஃப் எப்படித் தொடங்கும் என்று பார்த்துப் பார்த்து அள்ளும். படங்கள் கிடைக்கும்; ஆனால் பெயரும் போல்டரும் கிடைக்காது. ஆயிரக்கணக்கான படங்களை உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் ஃபோட்டோரெக்குக்குப் போகும் முன் டிஎம்டிஇ, ஆர்-ஸ்டுடியோ, யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்றவற்றின் இலவச அல்லது சோதனைப் பதிப்பில் இமேஜைத் திறந்து, போல்டர் அமைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் பணம் தகும்.

செக்டிஸ்க்கை ஓட்ட ஆசையாக இருந்தால் இப்போது ஓட்டலாம், பிரதியின் மேல்.

ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது

நல்ல ஆய்வகத்தில் டிஸ்க்கை ஐஎஸ்ஓ 5 வகுப்புச் சுத்தக் காற்றில்தான் திறப்பார்கள். அதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட்டுகளை எடுத்து மாற்றி, பிசி-3000 போன்ற கருவியில் ஒவ்வொரு ஹெட்டாக இமேஜ் எடுப்பார்கள். திறக்கும் முன் உங்களிடம் கேட்பார்களா, வேலை அவர்களிடமே நடக்கிறதா வேறெங்காவது அனுப்புகிறார்களா, பணம் கட்டும் முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவார்களா, தரவு கிடைக்காவிட்டால் என்ன கட்டணம், பழைய டிஸ்க் திரும்ப வருமா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாத இடத்தில் டிஸ்க்கை விட்டுவிட்டு வராதீர்கள். நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். விழுந்ததா, எத்தனை முறை இயக்கினீர்கள், என்ன சத்தம் என்பது அவர்கள் முதலில் எதைத் தொட வேண்டும் என்பதையே மாற்றும். உங்கள் இமேஜும் மேப் கோப்பும் இருந்தால் அவற்றையும் கொடுங்கள்.

டிஸ்க் எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும் நீங்களாகவே நம்பிக்கையை விட வேண்டியதில்லை. 2003இல் கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறியபோது கீழே விழுந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வெளிப்புற எலக்ட்ரானிக்ஸ் எரிந்து உருகியிருந்தது. தட்டுகள் வளையவில்லை. கிரால் ஆன்ட்ராக் பொறியாளர்கள் அவற்றைச் சுத்தம் செய்து, வேறொரு டிஸ்க்கின் உடலில் பொருத்தி, ஏறக்குறைய 99 சதவீதத் தரவை மீட்டார்கள். செனான் வாயுவைப் பற்றிய அந்தப் பரிசோதனையின் முடிவுகள் 2008இல் வெளியாயின. 

கடைசியாக, சரிபார்ப்பு

கோப்பின் பெயர் வந்துவிட்டால் கோப்பு வந்துவிட்டதாக ஆகாது. படிக்க முடியாத செக்டர்கள் இமேஜில் வெறும் பூஜ்ஜியமாக இருக்கும். வீடியோவின் நடுவே அந்தப் பூஜ்ஜியம் விழுந்திருந்தால் திறக்கும்வரை தெரியாது. டிடிரெஸ்க்யூவில் இதற்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஃபில் மோட். இமேஜின் பிரதி ஒன்றில், மேப் கோப்பைப் பார்த்து, வராத செக்டர்களில் மட்டும் நீங்கள் தரும் ஒரு சொல்லை நிரப்பச் சொல்லலாம். எங்கும் இயல்பாக வராத ஒரு சொல்லாகக் கொடுங்கள். பிறகு அந்தப் பிரதியை மவுன்ட் செய்து, எந்தெந்தக் கோப்புகளில் அந்தச் சொல் இருக்கிறது என்று கிரெப் கட்டளையால் தேடுங்கள். வருகிற பட்டியல்தான் சேதமான கோப்புகளின் பட்டியல். பத்துப் படமும் ஒரு பழைய நிறுவல் கோப்பும் மட்டும் அதில் இருந்தால் டிஸ்க்கை மறுபடி ஓட்டவே வேண்டாம். உங்களுக்கு உயிரான அந்த ஒரு கோப்பு அதில் இருந்தால், அதன் பெயரையும் மேப் கோப்பையும் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போங்கள். எந்த செக்டர்கள் வேண்டும் என்று அவர்களுக்குத் துல்லியமாகச் சொல்ல முடியும்.

மீட்ட கோப்புகள் இரண்டு தனித்தனி இடங்களில் சேர்ந்து, வீட்டில் எல்லோரும் ஒருமுறை திறந்து பார்த்து, 'எல்லாம் இருக்கிறது' என்று சொல்லும்வரை அந்தப் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். வரிசை எண் எழுதிய உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வைத்திருங்கள்.